கேட்கலாம், வேண்டாம், ஜெபம்

வெல்வெட் பையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டியதும் கேள்விச் சீட்டுகள் மேசைமேல் பொலபொலவென்று கொட்டின, கூடவே ஒரு பஸ் டிக்கெட்டும் பாதி உரித்த இருமல் மிட்டாயும். கோயிலில் யாராவது பையை நீட்டினால் எதையாவது போட்டுத்தான் தீர வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனசுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு, பாளையங்கோட்டை மட்டும் தப்புமா. சுகிர்தம் மிட்டாயை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போதகர்கள் அங்கி மாட்டிக்கொள்ளும் இந்தச் சின்ன வெஸ்ட்ரி அறைதான் கூட்டத்துக்குக் கூட்டம் அவளுடைய இடம். மூலையில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. கோயிலுக்குள் நடக்கிறதெல்லாம் அதன் வழியாகக் காதில் விழும், கண்ணில் படாது. சற்று முன்னால்வரை அதில் அவள் புருஷன் டாக்டர் சாந்தசீலன் பேசிக்கொண்டிருந்தார், வேதாகமம் சொன்னதை மண்வெட்டி நிரூபித்த கதையை. இப்போது பாடகர் குழு தொண்டையைச் செருமுகிறது. கூட்டச் செயலாளர் எட்வின் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டி, "மைனி, ரெண்டு பாட்டு, காணிக்கை, அவ்வளவுதான். அதுக்குள்ள பிரிச்சிருவீகள்லா?" என்றார். "பிரிக்காம என்ன, போங்க, போயிப் பாட்டப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே மேலே கிடந்த சீட்டைப் புரட்டியவள், அந்த எழுத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற எழுத்து. கல்லூரி விடுதியிலிருந்து வருஷக்கணக்காக அவளுக்குக் கடிதம் எழுதிய எழுத்து. பெயர் போடவில்லை, போட வேண்டியதும் இல்லை. 'பேராசிரியர் வைஸ்லர் எழுதிய புத்தகத்தை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?' ஒரே வரி. பாவி மகள், சொன்னபடியே எழுதிப் போட்டுவிட்டாள்.

அதை எடுத்துத் தனியாக, தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, முதலில் மற்றதைப் பார்ப்போம் என்று கையை ஓட்டினாள். கைக்கு வேலை தெரியும். இடப்பக்கம் கேட்கலாம், வலப்பக்கம் வேண்டாம், நடுவில் ஜெபம். ஆதாம் மகன் காயீனுக்குப் பொண்டாட்டி எங்கிருந்து வந்தாள், இது இல்லாமல் ஒரு கூட்டம் நடந்ததில்லை, கேட்கலாம். நோவாவின் பேழையில் டைனோசர் இருந்ததா, கேட்கலாம், அதற்கு அவர் குட்டி டைனோசரைக் கையில் தூக்கிக் காட்டுகிற மாதிரி நடித்தே காட்டுவார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மருமகள் ஜெபக் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறாள், ஜெபம். மாடு தொலைந்துவிட்டது, ஜெபம். அப்புறம் நெருக்கி நெருக்கி இரண்டு பக்கமும் எழுதிய ஒன்று, நடுவில் 'ஆனால்' என்று ஒரு சொல், கீழே கோடு வேறு. படித்துக்கூடப் பார்க்க வேண்டாம், 'ஆனால்' போட்டவன் எல்லாம் வலப்பக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவளுக்கு இது பழக்கம். எந்த அழைப்பைச் சட்டென்று சேர்க்க வேண்டும், எதைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும் என்று குரலைக் கேட்டதுமே கை தெரிந்துகொள்ளும். அந்தக் காலத்தில் பக்கத்து நாற்காலி ரமணிபாய் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏ சுகிர்தம், ஒன்னோட ஆளு லைன்ல வந்துட்டாரு, எடுட்டி" என்பாள். ஆளாவது ஒன்றாவது, முகமே பார்த்ததில்லை. "அம்மா வணக்கம், சாந்தசீலன் பேசுதேன், வாத்தியாரு, மதுரைக்கு ஒரு டிரங்க் கால் வேணும்." ஊரில் எத்தனையோ பேர் பேசினார்கள், கலெக்டர் ஆபீஸ் பேசியது, ஆஸ்பத்திரி பேசியது, ஜவுளிக்கடை முதலாளி கத்தினார். ஆபரேட்டருக்கு வணக்கம் சொன்னது அவர் ஒருத்தர்தான். பேசி முடித்ததும் நன்றி வேறு. அந்தக் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. கேட்பதற்கே வெட்கப்படுகிற குரல். அந்தக் குரலுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டினாள், முகம் பிற்பாடுதான் வந்தது, அதுவும் மோசமில்லை.

முதல் பாட்டு தொடங்கிவிட்டது, ஆல்ட்டோ, அந்தத் தணிந்த குரல் பாடுகிற பெண்கள், ஒரு தாளம் பின்னால் வருகிறார்கள். கல்யாணமான புதிதில் இந்த ஸ்பீக்கரும் இல்லை, வெஸ்ட்ரியும் இல்லை. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில், ரயில்வே காலனியில், மில் வாசலில், எங்கே நாலு பேர் நிற்க இடமிருந்ததோ அங்கெல்லாம் அவர் பேசினார். பெஞ்சுமேல் ஏறி நின்று பேசுவார், அவள் கீழே நின்று பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள், ஆடும். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ், ஞாயிறு சாயங்காலம் திரும்பும் பஸ், மடியில் பொட்டலம் கட்டின பரோட்டா, சால்னா வழிந்து அவளுடைய நல்ல சேலை ஒன்று நாசமாய்ப் போனது. இப்போது அந்தக் கறையைக்கூட ஆசையாக நினைத்துக்கொள்கிறாள், என்ன செய்வது, வயசு. அப்போதும் கேள்விச் சீட்டு உண்டு. சிகரெட் அட்டையின் பின்பக்கம், பீடிக்கட்டு லேபிளில், கிழித்த காலண்டரில் எழுதிக் கொடுப்பார்கள். அவர் தொப்பிக்குள் கைவிட்டு எது வருகிறதோ அதை எடுத்துப் படிப்பார். ஒரு தடவை ரயில்வே காலனியில் ஒரு பெண், சீட்டில் எழுதத் தெரியாதவள், கூட்டத்துக்குள்ளிருந்தே கேட்டாள், "எம் புள்ளைய எதுக்குய்யா ஆண்டவரு எடுத்தாரு? ஒரு தப்பும் பண்ணலியே அது." எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சிலிருந்து இறங்கினார். "எனக்குத் தெரியலம்மா" என்றார். அந்த அம்மாள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார், கூட்டம் அப்படியே முடிந்துபோனது, ஜெபம்கூட யாரோதான் பண்ணினார்கள். அடுத்த மாதம் அந்த அம்மாள் இன்னும் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அவர், "நான் ஒண்ணுமே சொல்லலியே சுகிர்தம், எதுக்கு வாராக?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அந்த மனுஷனை அவளுக்கு இன்னும் பிடிக்கும். அந்த மனுஷன் எங்கே போனார் என்று கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், மேடையில்தானே இருக்கிறார், சால்வை போர்த்திக்கொண்டு.

அவர் போகவில்லை, அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்து சேர்ந்தார், அதுதான் விஷயம். வைஸ்லர். முதலில் வந்தபோது அவருக்குப் பெயர்கூட இல்லை, வெறும் 'ஒரு ஜெர்மன்காரர்'. ஆண்டவரே இல்லை என்று நிரூபிக்க மண்வெட்டியோடு பாலைவனத்துக்குப் போனார், தோண்டினார், ஒரு களிமண் பலகை கிடைத்தது, எழுத்தைக் கூட்டிப் படித்தார், மணலிலேயே முழங்கால் போட்டார். யாரோ எங்கேயோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்த கதை. தூத்துக்குடியில் உப்பளத்து ஆட்கள் அதைக் கேட்டு அழுதார்கள், சுகிர்தமும் அழுதாள், பொய் சொல்லுவானேன். அப்புறம் கோவில்பட்டியில் ஒரு இளவட்டம் எழுந்து, "சார், அந்த ஜெர்மன்காரர் பேரு என்ன?" என்று கேட்டான். குசும்பா, நிஜமான ஆசையா, தெரியாது. அவள் முன்வரிசையில் இருந்தாள், மகள் பெர்சிஸ் கைக்குழந்தை, மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பையனைப் பார்த்தார். காது மடல் சிவந்தது, அவளுக்கு மட்டும்தான் தெரியும். "வைஸ்லர்" என்றார். சொன்னதும் கூட்டம் ஒரு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது, பையன் அதை எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்து, "அந்தப் பேர எங்க படிச்சீக?" என்று கேட்டாள். "எங்கயோ படிச்சதுதான், நாக்கு நுனியில வந்துட்டு" என்றார். இருக்கலாம். அவள் இன்றைக்கும் இருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். ஆனால் பெயர் வந்ததோடு நிற்கவில்லையே. பிள்ளை வளருகிற மாதிரி அவரும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தார். பெர்சிஸ் பள்ளிக்கூடம் போன வருஷம் ஹெர்மன் என்று முன்பெயர் சேர்ந்தது. அவள் இரட்டைச் சடை போட்ட வயதில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. பெரிய மனுஷியானபோது அவர் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பு, வருஷம், அப்புறம் பக்க எண். பக்க எண் வந்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்க எண் இருக்கிற ஒருவரைப் போய் இருக்கிறாரா என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதைவிடக் கொடுமை, குடும்ப ஜெபத்தில் பெர்சிஸ், அப்போது ஆறோ ஏழோ வயது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வைஸ்லர் தாத்தாவுக்கு முட்டுவலி வராமக் காத்துக்கோங்க, அவரு மணல்ல முட்டுப்போட்டிருக்காரு" என்று ஜெபித்தது. அவரும் சுகிர்தமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் ஆமென் சொன்னார்கள். எவ்வளவு சிரித்தார்கள். அந்தப் பிள்ளை அந்தத் தாத்தாவுக்காகவே மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எழுத்தைப் படிக்கிற படிப்புக்குப் போனது. உறவுக்காரர்கள் எல்லாரும் நர்ஸுக்குப் படிக்க வையுங்கள், கனடா போகலாம் என்றபோது, நான் களிமண் பலகை படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே இரண்டு வருஷம் வைஸ்லர் புத்தகத்தைத் தேடியிருக்கிறது. ஆசையாகத் தேடியிருக்கிறது, பிழை பிடிக்கத் தேடவில்லை. சுகிர்தத்துக்குத் தாங்க முடியாதது அதுதான்.

இன்றைக்குக் காலையில் ஆப்பச் சட்டியைச் சுற்றும்போதுதான் சொன்னாள். "எம்மா, வைஸ்லர்ங்க பேருல அந்த யுனிவர்சிட்டில யாருமே இருந்ததில்ல. எங்க சாரு அவருக்குத் தெரிஞ்ச ஜெர்மன்காரங்களுக்கே எழுதிக் கேட்டுட்டாரு. அந்தப் பேருல புத்தகமும் இல்ல." மாவு ஓரத்தில் தீய்ந்தது. "ஒங்க அப்பாட்ட கேட்டியா?" "ரெண்டு மூணு தடவ கேட்டாச்சு. நீ இன்னும் படிக்கணும்மாங்காக. ஒரு தடவ, அதெல்லாம் பழைய புத்தகம், ஒங்க லைப்ரரில இருக்காதுன்னாக. கதவச் சாத்திட்டு எழுதப் போயிட்டாக." "நீ சும்மா இரி. அவுகளுக்கு பிரஷர் வேற." பெர்சிஸ் ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "நான் அப்பாவ அவமானப்படுத்தவா கேக்கேன்? வேதத்துக்கு அந்த ஆளு எதுக்கும்மா? அந்த ஆளு இல்லன்னா அது விழுந்துருமா?" சுகிர்தம் சட்டியைச் சுரண்டினாள். "நான் ராத்திரி ரயிலுக்குப் போறேன். அதுக்கு முன்னால கூட்டத்துல ஒரே ஒரு தடவ சீட்டு எழுதிப் போடுவேன். எல்லாரும் போடுத மாதிரி. அப்பா என்ன சொன்னாலும் சரி, சொல்லலன்னாலும் சரி. அதுக்குப் பெறகு நான் கேக்கவே மாட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் தேவலை. கேக்கவே மாட்டேன் என்பதை அவ்வளவு அமைதியாகச் சொன்னாள், வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவள் மாதிரி. பிள்ளை இனிமேலும் வரும், கிறிஸ்துமஸுக்கு வரும், அப்பாவுக்குச் சட்டை எடுத்து வரும், சாப்பிட்டீங்களா என்று போனில் கேட்கும். ஆனால் அவர் சொல்வது எதையும் கேட்டு நம்புவதற்காக இனி உட்காராது. அதுதான் போகப்போகிறது. அதுதான் இப்போது டம்ளருக்கு அடியில் நனைந்துகொண்டிருக்கிறது. ஐயோ, நனைகிறதே என்று டம்ளரைத் தூக்கினாள். வட்டமாக ஒரு ஈரம், எழுத்து அழியவில்லை, பால்பாயிண்ட்.

வலப்பக்கம் வைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. எத்தனை பேருடையதை வைத்திருக்கிறாள். இந்தப் பிரிக்கிற வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டதுதான். ஒரு தடவை ஒரு கல்லூரி அரங்கத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து சாந்தமாக, மரியாதையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். இவர் புத்தகத்தைப் புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், சொன்னதையே திரும்பச் சொன்னார். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவருடைய பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள், முடி வெட்ட வேண்டிய கழுத்து. அடுத்த கூட்டத்தில் அவர் கேட்காமலே, "பைய எங்கிட்ட குடுங்க, நான் கொஞ்சம் அடுக்கித் தாரேன்" என்றாள். பிரியத்தில்தான் செய்தாள். அதற்குப் பிறகு அவருக்குத் தெரியாத கேள்வியே எந்த ஊரிலும் வரவில்லை. தன்னிடம் வராத கேள்வி உலகத்திலேயே இல்லை என்று அவர் நம்பத் தொடங்கியதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில், அமெரிக்க விலாசம் போட்ட ஏதோ ஒரு பல்கலைக்கழகம் வாடகை அங்கி மாட்டி டாக்டர் பட்டம் கொடுத்தது. வரிசையில் இவருக்கு முன்னால் நின்றவர் ஒரு சிட்பண்ட் முதலாளி. வீட்டுக்கு வந்து அந்தக் குஞ்சலத் தொப்பியோடு கண்ணாடி முன்னால் நின்று, "எப்படி இருக்கேன் சுகிர்தம்?" என்றார். "பேண்டு வாசிக்கப் போறவுக மாதிரி இருக்கீக" என்றாள். அவரும் சிரித்தார், ஆனால் முன்னைப்போல இல்லை, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அதிலிருந்து தெருவில் அவள் டாக்டரம்மா. மேலத்தெருவில் ஒரு அம்மாள் முழங்கையை நீட்டி, "இந்தப் படை ரெண்டு மாசமாப் போவலம்மா, பாத்து ஒரு மருந்து சொல்லுங்க" என்று கேட்டதும் உண்டு. வேப்பிலை அரைத்துப் போடச் சொன்னாள், போய்விட்டதாம். இப்போது அவருடைய சொற்பொழிவுகள் எல்லாம் தடித்த புத்தகமாக வந்திருக்கின்றன, இன்று வெளியீடு. பக்கத்துக்குப் பக்கம் கீழே சின்ன எழுத்தில் அடிக்குறிப்பு. வைஸ்லர் எங்கே பார்த்தாலும் நிற்கிறார். கையில் எடுத்தபோது எவ்வளவு கனமாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பெஞ்சு ஆட்டம் இந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

இரண்டாம் பாட்டு மூன்றாவது சரணத்துக்கு வந்துவிட்டது. "மைனி" என்று எட்வின் மறுபடி வந்து நின்றார், "ஆச்சா? அண்ணன் மேடையில ஏறிட்டாக." "இந்தா." கேட்கலாம் குவியலை நேராக்கித் தட்டினாள். எட்வின் கையை நீட்டிக்கொண்டே, "இன்னைக்கு ஐ.ஏ.எஸ். ஒருத்தரு வந்திருக்காரு, நல்லதாப் பாத்துப் போடுங்க" என்றார். அவள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை, விரல் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவரை நம்பி ஒரு கஷ்டமான கேள்விகூட அனுப்பவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அவர் சமாளிப்பார் என்று நம்பியதில்லை, விழுந்தால் எழுந்திருப்பார் என்றும் நம்பியதில்லை. அவருக்காக என்று நினைத்து, அவரைக் குழந்தை மாதிரி தண்ணீர்ப் பக்கமே விடாமல் வைத்திருந்தாள். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையே. கேட்டது சொந்தப் பிள்ளை, பிள்ளை கேட்டால் அவர் கண்டிப்பாக... கண்டிப்பாக என்ன? தெரியாது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம், பைத்தியக்காரத்தனமான ஒரு சந்தோஷம், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தக் குரல் வருமா வருமா என்று காத்திருந்த நாளில் இருந்த அதே படபடப்பு. ஈரச் சீட்டை எடுத்துச் சேலையில் ஒற்றி, குவியலுக்குக் கடைசியில் வைத்து, "கொண்டு போங்க" என்றாள்.

ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. காயீன் வந்து போனான். டைனோசர் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், ஐ.ஏ.எஸ்.ஸும் சிரித்திருப்பார். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் தாள் சரசரத்தது, சுகிர்தம் எண்ணிக்கொண்டே வந்தாள், பாதியில் எண்ணிக்கை தப்பிப்போனது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தாள் சரசரத்த பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களைக் காதில் கேட்டிருக்கிறாள், லைன் அறுந்த மௌனம், ஆள் போனை வைத்துவிட்ட மௌனம், ஆள் இருந்தும் பேச முடியாத மௌனம். இது மூன்றாவது. இருக்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சொல்லுங்க, சொல்லிருங்க, ஒரு வார்த்தைதான், நான் இருக்கேன், பிள்ளை இருக்கு, யாரு சிரிச்சா நமக்கென்ன. எழுந்து கதவருகே வந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. மேடையில் அவர் சீட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதாகிவிட்டது அவருக்கு, ஸ்பீக்கரில் அது தெரிவதில்லை. பெண்கள் பக்கம் தூணுக்கு அருகே பெர்சிஸ் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆசை இருந்தது. அவர் சீட்டை உரக்கப் படித்தார், ஒரு சொல் விடாமல் படித்தார். சுகிர்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "இந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று எனக்குத் தெரியும்" என்றார். குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது, அது நடிப்பில்லை, அது அவளுக்குத் தெரியும். "இது என் மகள்."

கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு. "எங்கள் வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்காமல் நாங்கள் மேடைக்குக் கொண்டு வருவதில்லை" என்றார் அவர். குரல் இப்போது நிமிர்ந்துவிட்டது, பழைய படிக்கட்டில் கால் வைத்துவிட்டது. "என் மகள் ஹைதராபாத்தில் இதே துறையில்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நீங்கள் புத்தகத்தைப் பார்த்தீர்களா அப்பா என்று கேட்கிறாள். பிரியமானவர்களே, நான் பார்ப்பது பெரிதல்ல. இரண்டு வருஷமாக அவளே அதைத் தேடிப் பார்த்திருக்கிறாள். அவளே இன்று சாட்சி. எழுந்திரும்மா பெர்சிஸ், சபையார் உன்னைப் பார்க்கட்டும்." கோயிலுக்குள் கைதட்டக் கூடாது என்ற வழக்கமெல்லாம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, தட்டினார்கள். சால்வை போர்த்தின பெரியவர்கள் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் பெர்சிஸின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள், "எந்திரி தாயி, எவ்வளவு பெருமை." அவள் எழுந்தாள். கோயிலில் எழுந்திரு என்றால் எழுந்திருக்கிற பிள்ளையாகத்தானே வளர்த்தார்கள். எழுந்து நின்றவள் அப்பாவைப் பார்க்கவில்லை. முகத்தில் இருந்த ஆசை துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டிருந்தது, கோபம்கூட அங்கே வரவில்லை. மெதுவாகத் திரும்பி வெஸ்ட்ரி கதவைப் பார்த்தாள், அம்மாவை. நீயும் தெரிந்துதான் அனுப்பினாயா என்று அந்தப் பார்வை கேட்கிறதா, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கிறதா, சுகிர்தத்துக்குப் புரியவில்லை. இனிமேல் இந்தக் கோயிலில் மட்டுமில்லை, அவர் போகிற ஊரெல்லாம் வைஸ்லருக்குப் பக்கத்தில் தன் மகளும் நிற்பாள் என்பது மட்டும் புரிந்தது. அடுத்த பதிப்பில் கீழே சின்ன எழுத்தில் அவள் பெயரும் வரும். பக்க எண்ணோடு வரும்.

கால் தானாக நடந்தது. வெஸ்ட்ரி கதவுக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உள்ள தரையை, கூட்டம் நடக்கும்போது அவள் ஒரு நாளும் கடந்ததில்லை. "வழி விடுங்கம்மா" என்று முழங்கால்களை ஒதுக்கி ஒதுக்கிப் போனாள். யாரோ டாக்டரம்மாவா என்றார்கள். தாயும் மகளும் சேர்ந்து நிற்கப் போகிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். பெர்சிஸின் கை சில்லென்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் அவர் அவளைப் பார்த்துப் புன்னகையோடு, "வா சுகிர்தம்" என்றார், மைக்கில். கைதட்டல் அடங்குவதற்காகக் காத்திருந்தாள். மைக் கொண்டு ஓடி வந்த வாலிபனிடம் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அவ தேடிப் பாத்தா" என்றாள். குரல் எங்கிருந்து வந்ததோ, கடைசி வரிசை வரை போனது. "அப்படி ஒருத்தரே இல்லன்னுதான் தெரிஞ்சுட்டு வந்திருக்கா. இன்னைக்குக் காலைல எங்கிட்ட சொன்னா. ஒங்ககிட்டயும் கேட்டாள்லா."

முதல் வரிசையில் யாரோ இருமினார்கள். தாமதமாகப் புரிந்துகொண்ட இரண்டு கைகள் எங்கேயோ இன்னும் தட்டிக்கொண்டிருந்து, தனியாக நின்றுபோயின. பெர்சிஸ் அம்மாவின் விரல்களை நெரித்தாள், வலித்தது. எட்வின் படியருகே வாயைத் திறந்தபடி நின்றார். சாந்தசீலன் சீட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அப்புறம் சுகிர்தத்தைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. சுகிர்தம் மகளை உட்காரச் சொல்லி, அந்த அம்மாளைச் சற்று நகரச் சொல்லி, தானும் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து அவர் என்ன சொல்வார் என்று கூட்டத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவள், இப்போது மற்ற எல்லாரையும் போலத் தலையை நிமிர்த்தி, அவர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.